இரண்டு நிமிடம்

விடிய நாலே முக்காலுக்கு மரைன் டிரைவில்
காற்றை மூச்சாய் இழுக்க முடியாது, குடிக்கத்தான் வேணும்.
இரண்டாம் கிலோமீற்றரிலேயே
சட்டை முதுகோடு ஒட்டி இன்னொரு தோலாகிவிடும்.
காய்ந்தபின் கறுப்புத் துணியில் ஒரு வெள்ளைக் கோடு,
இந்த நகரத்துக்கு எவ்வளவு உப்புக் கொடுத்தேன் என்று
கணக்குக் காட்டும்.

கணக்கு எனக்குத் தெரிந்த வேலை.
பகலில் கொள்ளுப்பிட்டியில் மற்றவர்களின் கடனைக் கூட்டுகிறேன்.
கிழமைக்கு எழுபது கிலோமீற்றர்,
அதில் ஞாயிறு மட்டும் முப்பது,
கலண்டரில் சிவப்புப் பேனையால்.
கூட்டாமல் விட்டது,
வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்பக்கம்
ஒரு விரல்நுனி அளவு நோ.

"ஓட ஓடச் சரியாகும்" என்றேன்.
இம்தியாஸ் எனக்கு இரண்டடி பின்னால் ஓடுகிறவன்.
"உங்கட வலக்கால் நிலத்துக்குப் பயப்பிடுது" என்றான்.
குனிந்து பார்த்தேன்.
தெருவிளக்குக்குத் தெருவிளக்கு
என் நிழலும் நொண்டிக்கொண்டு வந்தது.

ஸ்கேனில் மயிரிழை வெடிப்பு.
இரத்தத்தில் ஃபெரிட்டின் ஒன்பது.
மாடிப்படியில் மூச்சு வாங்கியதற்கு
வயசு, வேலை, வெக்கை என்று
நான் வைத்த பெயரெல்லாம் பிழை.
மாதவிடாய் வராத நாலு மாதத்தை
லாபம் என்றல்லவா எழுதியிருந்தேன்.
"ஓடிப்போட்டு என்ன சாப்பிடுறீங்க?"
டொக்டர் அனோஜா கேட்டார்.
பிளேன்டீ, என்றேன்.
அவர் பேனையை மூடி வைத்தார்.

எட்டுக் கிழமை.
இரும்புக் குளிசை, தோடம்பழச்சாறு,
குளிசைக்குக் கிட்டவும் தேத்தண்ணி வரக்கூடாது.
நெத்தலி, முருங்கையிலை, பிடிக்காத ஈரல்.
நீச்சல் தடாகத்தில் இடுப்பில் மிதவை கட்டி
கழுத்தளவு தண்ணீரில் எங்கும் போகாமல் ஓடினேன்.
காற்றடைத்த கைப்பட்டி போட்ட ஒரு பிள்ளை
நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டது:
"அன்ரி, நீங்க தாழுறீங்களா?"
கொஞ்சம், என்றேன்.

ஞாயிறுகளில் தண்டவாள ஓரக் கல்லில் இருந்து
இம்தியாசுக்கு நேரம் பிடித்தேன்.
அவன் வேகமாய் வந்த அன்று
மூன்று செக்கன் கூட்டிச் சொன்னேன்.
பொறாமைக்கும் வியர்க்கும்.
பிறகு உண்மையைச் சொன்னபோது
தெரியும், என்று தண்ணிப் போத்தலை நீட்டினான்.

இன்று ஒன்பதாம் கிழமை, திங்கள்.
இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து தரம்.
வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு முன்னால்
கட்டிய சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

ஓடினேன்.
கால் ஒன்றும் சொல்லவில்லை.
கடல் தன் பாட்டில் இரைந்தது.
பாணந்துறைப் பக்கமிருந்து வந்த ரயில்
வேகம் பிடிக்க முதல் எனக்குப் பக்கத்தில் வந்தது.
இரண்டு பெட்டி தூரம் சமமாய் ஓடினோம்.
உடம்பு முழுக்க இன்னும், இன்னும் என்றது.
கைக்கடிகாரம் அதிர்ந்தது.

நின்றேன்.

மிதிபலகையில் தொங்கிய ஒருத்தர் கையசைத்தார்,
நான் தோற்றதாய் நினைத்திருப்பார்.
ஒரு நிமிடம் நடந்தேன்.
இன்னும் நாலு இருக்கிறது.