பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே

ஹாப்சலு துறைமுகச் சந்தையில்
ரப்பர் பூட்ஸ்களுக்கும் ஓட்டை சமோவருக்கும் இடையில்
படுத்திருந்தது.
முன்னூறு மில்லிமீட்டர். ஒன்றரைக் கிலோ ருஷ்ய உலோகம்.
நாற்பது யூரோ என்றாள் ஊர்வே.
கண்ணாடிக்குள் பூஞ்சை ஒரு நரம்பு ஓடியிருக்கிறது என்றேன்.
முப்பத்தைந்து என்றாள்.
யாருடையது என்று கேட்டதற்கு
பெட்டியோடு வந்தது என்றாள்.
பெட்டி யாருடையது என்று சொல்லவில்லை.

வீட்டில் துடைத்தபோதுதான் பார்த்தேன்.
குவிய வளையத்தில்
பன்னிரண்டு மீட்டருக்கும் பதினைந்துக்கும் நடுவே
கத்தி முனையால் இழுத்த ஒரு கீறல்.
இழுத்த பள்ளத்தில் சிவப்பு நகப்பூச்சு.

வளையத்தைக் கீறலில் நிறுத்திவிட்டு
எது தெளிகிறது என்று தேடினேன்.
சமையலறை ஜன்னலிலிருந்து ஆப்பிள் மரம்: கலங்கல்.
வாசற்படியிலிருந்து தபால்பெட்டி: கலங்கல்.
வேலிக்கு அப்பால் தைவோவின் விறகடுக்கு:
கிட்டத்தட்ட, ஆனால் இல்லை.
யாராவது கீழே போட்டிருப்பார்கள் என்றான் தைவோ,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி.
ஆறு வருஷமாக அந்தப் பக்கம்தான் நிற்கிறான்.
கீழே விழுந்த லென்ஸ்
நகப்பூச்சு போட்டுக்கொள்ளுமா என்றேன்.

ஏப்ரல்.
மட்சாலு கரைப்புல்லில் பனி உருகிய தண்ணீர்
முழங்கை வழியாக ஏறுகிறது.
குளிரில் வளையத்தின் கிரீஸ் இறுகிக் கிடக்கிறது.
இந்த லென்ஸுக்கு அவசரம் தெரியாது.
முடிவிலியிலிருந்து திருப்பத் திருப்ப
சாம்பல் புகைக்குள் ஒரு கறை,
கறைக்கு ஒரு கால்,
பிறகு கொண்டை,
முதுகில் பச்சையா ஊதாவா என்று
இன்னும் முடிவு செய்யாத ஒரு மினுக்கம்,
பிறகு கண்.
ஆள்காட்டி.
மூச்சை விட்டு அழுத்தினேன்.
பிறகு ஒரு முழங்கை முன்னால் நகர்ந்தேன், அவ்வளவுதான்.
எழுந்துவிட்டது,
வெளியெங்கும் என்னைச் சொல்லிக்கொண்டே.
பேருக்கு ஏற்ற வேலை.
வளையத்தைப் பார்த்தேன்.
சிவப்பில் நின்றிருந்தது.

மறுநாள் வேறோர் ஆள்காட்டி, மயிரிழை தள்ளி.
அடுத்த வாரம் மழையில் மறுபடி சிவப்பு.
பவளக்காலி முப்பதிலேயே போய்விடுகிறது.
உள்ளானோ மிதிக்கிற வரைக்கும்
தன் நிறத்தை நம்பி உட்கார்ந்திருக்கும்.
ஆக இது ஒரு பறவையின் கணக்கு மட்டும்:
இதுவரை நீ புல்,
இதற்கு மேல் ஆள்.
இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.
அந்தக் கை வேறெதையோ குறித்திருக்கலாம்,
எதிர்வீட்டு பால்கனியை,
தோற்றுப்போன ஒரு பந்தயத்தை.

மே மாதம் ஒருநாள் தைவோ பூட்ஸோடு வந்தான்.
அளந்துவிடலாம் என்றான்.
பறவை நின்ற இடத்துக்கு எட்டு எண்ணிக்கொண்டே போனான்.
பத்தொன்பது.
அவன் எட்டு குட்டை.
திரும்பி நின்றான்.
லென்ஸுக்குள்
தொப்பியில் பிரிந்த ஒரு நூல்,
சவரக்கத்தி விட்டுவைத்த தாடை ஓரம்,
ஒவ்வொன்றும் தனித்தனியாக.
தெரிகிறதா என்று கத்தினான்.
தெரிகிறது.
எடுத்தாயா?
நான் எழுந்து ஓரடி வைத்தால்
இவன் என்ன செய்வான் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
காற்று வந்தது. நூல் ஆடியது.

பூச்சு ஓரத்தில் உதிர ஆரம்பித்திருக்கிறது.
மருந்துக்கடையில் சிவப்பு ஒரு புட்டி வாங்கினேன்.
நகத்துக்கா என்றாள் கடைப்பெண்,
சேறு அப்பிய என் விரல்களைப் பார்த்தபடி.
ஆமாம் என்றேன்.