கேடயப்போலி

பத்தாம் ஆண்டில் கரும்பலகையில் எழுதியிருந்தது
கேடயப்போலிச் சுரப்பி என்று.
போலி என்றால் பொய்யாக்கும் என்று நினைத்தேன்.
சோதனைக்கு முன்பே பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்துவிட்டது,
திருத்த ஆளில்லை.

இப்போது அம்பகாமக் காட்டில் மிதிவெடி எடுக்கிறேன்.
முழங்காலில் நின்று, அரை மீற்றர் அரை மீற்றராக.
நெஞ்சிலிருந்து தொண்டைவரை கவசம், முகத்துக்குக் கண்ணாடி.
கருவி கத்தினால் நிறுத்து. குறி வை. பக்கவாட்டில் சுரண்டு.
ஆணி. சோடா மூடி. ரவைக் கோது.
எப்போதோ ஒன்றுதான் மெய்யாகக் கத்தும்.
அந்த ஒன்றுக்காக எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

வைகாசியில் என் கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் கண்டவர் கிருபாநிதி அண்ணை.
சுரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.
"தர்மினி, கொஞ்ச நாள் ஸ்ரோரில நில்லுங்கோ."
சிவப்புத் தடிகளை எண்ணினேன், பிறகு வெள்ளைத் தடிகளை.
தகரத்துக்கு அந்தப் பக்கம் கதைத்தது கேட்டது:
"அவவுக்குப் பயம் பிடிச்சிட்டுது."
"பழசெல்லாம் ஞாபகம் வருதாக்கும்."

நானும் அப்படித்தான் நம்பினேன்.
நித்திரை இல்லை.
இதயம், ஸ்ராண்டில் விட்ட மோட்டார் சைக்கிள்போல
நின்ற இடத்திலேயே ஓடியது.
இரண்டு ஆள் சோறு தின்றும் சட்டை தொளதொளத்தது.
மற்றவர்கள் போர்த்திக்கொண்ட விடியலில் எனக்கு வேர்த்தது.
பதினைந்து வருடம் அலைந்து திரிந்த ஒரு மே மாதம்
இப்போதுதான் என் விலாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறது
என்று.

மாங்குளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் நஸ்ரீன்
பயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கையை நீட்டச் சொல்லி
விரல்களின்மேல் ஒரு வெற்றுத் தாளை வைத்தா.
காற்றாடி ஓடாத அறையில்
தாள் படபடத்தது.
"தண்ணி விழுங்குங்கோ" என்று தொண்டையைப் பார்த்தா.
கவசத்தின் கழுத்துப்பட்டி நாள்தோறும் மூடிய இடத்தில்
ஏதோ ஒன்று ஏறி இறங்கியது.

இரத்தச் சோதனை வர இரண்டு கிழமை.
அதே தாளின் பின்புறம் படம் கீறினா:
மூளைக்கு அடியில் கடலைப் பருமனில் கபச்சுரப்பி.
ஓமோன் குறைந்தால், சுர என்னும்.
நிறைந்தால் வாயை மூடும்.
"உங்கட கபச்சுரப்பி இப்ப வாயே திறக்கேல்லை.
ஆனா இது இரவு பகலாச் சுரக்குது."
"அப்ப ஆர் சொல்றது?"
"உங்கட காவல்காரர்தான்.
கிருமிக்கெண்டு இருக்கிற பிறபொருளெதிரி
கபச்சுரப்பியின்ர குரலில கதைக்குது."

அது எனக்கு உடனே விளங்கியது.
அதே அலைவரிசையில்
எங்கள் ஆளைப்போலவே யாரோ பேசி
ஓடு, ஓடு என்றால்
ஓடத்தானே செய்யும் உடம்பு.

"பயத்துக்கு வேற இடம்" என்றா,
தன் முதுகில், விலாவுக்குக் கீழே தொட்டுக்காட்டி.
"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி. அது வரும், போகும்."
அதை எனக்குத் தெரியும்.
முதலாவது மெய்வெடியைத் தொட்ட நாளில் வந்தது:
ஒரு சருகுக்கு மேலே எறும்பு நடப்பது கேட்டது.
பிறகு ரீ குடித்தோம், போய்விட்டது.

"கேடயப்போலி" என்றேன், எழும்பும்போது.
சிரித்தா. "போலி எண்டா பொய்யில்லை. போன்றது."

காலை மூன்று குளிசை.
ஆடிக்குள் இதயம் ஸ்ராண்டிலிருந்து இறங்கியது.
ஆவணியில் நித்திரை வந்தது,
சில இரவுகளில் வரவில்லை.
மருந்து கழித்ததுபோக மிஞ்சிய அந்த இரவுகள்தான்
என்னுடையவை.
நினைத்ததைவிடக் கொஞ்சம். ஆனாலும் இருந்தன.

புரட்டாதியில் திரும்ப லேனுக்குள் விட்டார்கள்.
அதற்கு முன், பாலைமர நிழலில்
கிருபாநிதி அண்ணை தன் சம்பளச் சீட்டை எடுத்து
என் விரல்கள்மேல் வைத்துப் பார்த்தார்.
எங்கோ ஆட்காட்டி கத்தியது.
சீட்டு அசையவில்லை.

திருப்பி எடுக்கையில்
அவருடைய கை நடுங்கியது.
சுரப்பியோ, மற்றதோ.

நான் காணாததுபோல
முகக்கண்ணாடியை இறக்கினேன்.