பன்னிரண்டாவது ஆள்

முதலில் ஒரு திட்டம் போட்டேன்.
எல்லாரும் போடுகிற திட்டம்தான்:
முன்னுரை, வரையறை, இதுவரை வந்த ஆய்வுகள்,
அவற்றுக்குள் ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் நான்.
ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும் என்று எழுதி
அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.
எந்த ஞாயிறு என்று எழுதவில்லை.

தலைப்பு, இரவுப் பணியாளர்களின் உறக்கம்.
இடம், அகுரெய்ரி ஊரில் கடலைப் பார்த்த ஒரு சமையலறை மேசை.
நேரம், காலை ஆறரை.
மீன் ஆலையிலிருந்து திரும்பிய கை
ரப்பர் உறையின் வாடை போகாமல்
விசைப்பலகையைத் தொடும் நேரம்.
டிசம்பர். வெளிச்சம் வர இன்னும் ஐந்து மணி.

நாற்பத்தொரு கட்டுரைகள்.
உடன்படுகிறவர்களுக்குப் பச்சை ஒட்டுத்தாள்,
முரண்படுகிறவர்களுக்கு மஞ்சள்,
என்ன சொல்ல வருகிறார்கள் என்றே
பிடிபடாதவர்களுக்கு இளஞ்சிவப்பு.
குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க
இளஞ்சிவப்பு.

பால் எடுக்க வந்த பொகுமிலா
கதவைத் திறக்காமல் நின்றாள்.
ஆலையில் அவளும் நானும் ஒரே வரிசை,
அவள் மீனின் தலையை எடுப்பாள்,
நான் மிச்சமிருக்கும் முள்ளை.
"இத்தனை பேரும் என்னதான் சொல்றாங்க, ஸ்டெய்ன்வோர்?"
"ராத்திரி வேலை பார்த்தா பகல்ல தூக்கம் வராதாம்."
"இதுக்கா நாற்பத்தொண்ணு?"
பாலோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.
சுவருக்கு அப்பால் அவள் கட்டில்
பத்து மணி வரை முனகியது.
அதை எந்த நிறத்தில் ஒட்டுவது?

"பலரும் நிறுவியுள்ளனர்" என்றது ஒரு கட்டுரை.
அந்தப் பலர் யாரென்று
அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனேன்.
அது ஒருவரைக் காட்டியது,
அவர் இன்னொருவரை,
அவர் வேறொருவரை.
வழி கேட்டவளை அடுத்த தெருவுக்கு அனுப்புகிறவர்கள் மாதிரி
எல்லாரும் கை நீட்டினார்கள்,
ஒருவரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

தெருக்கோடியில் ஒரு பழைய ஆய்வு.
நூலகத்து ஹால்பெரா நான்காம் நாள் ஸ்கேன் செய்து அனுப்பினாள்,
பக்க ஓரத்தில் அவளுடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது.
ஏதோ ஒரு துறைமுகத்து ரொட்டி ஆலை.
பதினோரு பேர். அவ்வளவுதான்.
என் நாற்பத்தொன்றில் முப்பது
அந்தப் பதினோரு பேரின் தோள்மேல் நிற்கிறது.

அட்டவணைக்குக் கீழே, எறும்பெழுத்தில்:
தொடக்கத்தில் பன்னிரண்டு பேர்.
ஒருவர் விழிப்புச் சோதனையின் நடுவே
உறங்கிவிட்டதால் நீக்கப்பட்டார்.

சிரித்துவிட்டேன்.
பிறகு அதே வரியை மறுபடி படித்தேன், சிரிப்பு வரவில்லை.
அவருக்கு வயது இல்லை, பெயரின் முதலெழுத்துகூட இல்லை.
மாவு படிந்த சட்டையோடு
எந்த நாற்காலியில் தலை சாய்த்தார்?
தொட்டு எழுப்பினார்களா, அதட்டியா?
பேருந்துக்குக் காசு கொடுத்தார்களா?
கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது தெரியாமல்
மறுநாள் இரவும் மாவு பிசையப் போயிருப்பார்.

திட்டத்தை எடுத்தேன்.
"இடைவெளி" என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு
"ஆள்" என்று எழுதினேன்.
வழிகாட்டிக்கு இது பிடிக்காது.
ஏழு பக்கம் கேட்டிருக்கிறார், அவரிடம் ஒரு வார்ப்பும் இருக்கிறது,
அதில் உறங்கியவர்களுக்கு இடம் கிடையாது.
இருந்தாலும் முதல் வாக்கியத்தைத் தட்டினேன்:
இந்தத் துறையின் ஆதாரங்களுள் ஒன்று
அறையைவிட்டு வெளியே அனுப்பப்பட்டது.

நல்ல வாக்கியமா, மோசமா,
இரண்டாவதை எழுதினால் தெரியும் என்று நினைத்தது வரை
நினைவிருக்கிறது.

தோளைப் பிடித்து உலுக்கினாள் பொகுமிலா.
ஜன்னலில் இருட்டு.
இன்றைய வெளிச்சம் வந்து, கடலைக் கொஞ்சம் நீலமாக்கி,
போயும்விட்டிருந்தது.
"வேன் வந்திடும், எழுந்திரு."
என் கன்னத்தில் ஒட்டியிருந்த தாளை உரித்து
எங்கே வைப்பதென்று தெரியாமல்
குளிர்சாதனப் பெட்டியின் நடுவில் ஒட்டிவிட்டு
பூட்ஸைத் தேடப் போனாள்.

மஞ்சள்.