எண்ணுவதைச் சொல்லாதே

முதலாம் ஆண்டில் வார்டு சிஸ்டர் சொன்னார்:
மூச்சை எண்ணும்போது நோயாளியிடம் சொல்லாதே.
நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்,
கண்ணை மட்டும் நெஞ்சுக்கு அனுப்பு.
தெரிந்துவிட்டால்
மூச்சு நடிக்கத் தொடங்கும்.

இரண்டாம் ஆண்டை நான் மோர்ப்பண்ணையில் படித்தேன்.
வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு.
நண்டுக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிமேல் மூன்று.
கம்பெனி பூட்டிக் கிடந்தது,
ஏறாதே என்று சொல்லவும் ஆளில்லை.
ஒரு சாக்கு, ஒரு குடை,
உடற்கூறியல் புத்தகத்தின் மேல் காற்றுக்கு ஒரு சங்கு.

ஒன்பது மணி வகுப்புக்கு
'பிரசன்ட் மேம்' என்று தட்டிவிட்டுத் தூங்கினேன்.
இரவு இரண்டு மணிக்கு அதே வகுப்பை
ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன்.
நுரையீரலைப் பற்றி மேம்
மூச்சு விடாமல் பேசினார்.

ஊசி போடக் கணவாயில் பழகினேன்.
வழுக்கும். ரத்தம் வராது.
வலிக்குதா என்று கேட்க வேண்டியதில்லை.
கேட்டேன்.
அன்றைய குழம்பில் ஏழு துளைகள்;
தம்பி எண்ணிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

இணையத் தேர்வில் தொண்ணூற்று நான்கு.
புத்தகம் மடியில் திறந்திருந்தது, எல்லோருக்கும்தான்.
அப்பா அந்த எண்ணைப் படகுத்துறை முழுக்கச் சொன்னார்.
மறுநாள் களஞ்சியம் மாமா
மூக்குக்குக் கீழே தொங்கும் முகக்கவசத்தோடு வந்து
கையை நீட்டினார், பாரும்மா என்று.
எட்டு மாதமாக
வீட்டாள் அல்லாத ஒருவர் கையை நான் தொடவில்லை.
நாடி எங்கே ஓடும் என்று எழுதச் சொன்னால்
ஒரு பக்கம் எழுதுவேன், படத்தோடு.
விரலுக்குத் தெரியவில்லை.
வலைக்கயிறு அறுத்த தழும்புகளின் நடுவே
தேடிக்கொண்டே இருந்தேன்.
'கெடக்கா இல்லையா?' என்று சிரித்தார் மாமா.

ருமைசா கீழக்கரையில்.
இரவில் அவள் கேள்வி கேட்பாள், நான் பதில்,
பிறகு நான் கேள்வி.
வாடைக்காற்று தொடங்கியதும் கேள்விகள் குறைந்தன.
அவளுடைய மாமி ஆக்சிஜன் படுக்கையில் கிடந்த வாரம்
'ம்' மட்டும்தான்.
ஒருநாள் அதுவுமில்லை. ஆனால் துண்டிக்கவில்லை.
செல்போனைக் காதோடு அழுத்தி
ஒரு நிமிடம் எண்ணினேன்.
இருபத்தெட்டு.
காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை.
வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதால்
அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அவளிடம் சொல்லவில்லை.

கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்தது.
கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் கெட்டதா?
இல்லவே இல்லை. சில நாட்கள். பெரும்பாலான நாட்கள்.
'சில நாட்கள்' என்று அழுத்தினேன்.
அப்போது மணி மூன்றரை,
தொட்டியின் விளிம்பில் கால் தொங்கிக்கொண்டிருந்தது.
பங்கேற்றமைக்கு நன்றி என்றது திரை.

அதே இரவில் ருமைசாவிடம் சும்மா பேசினேன்.
கடல் உள்வாங்கிச் சேறு நாறுவது,
சீப்பில் கொத்துக் கொத்தாய் வரும் முடி,
தம்பி என் ஸ்டெதஸ்கோப்பை ஆட்டின் வயிற்றில் வைத்தது.
அவள் குறுக்கே பேசவில்லை.
பேச்சு தீர்ந்த இடத்தில் நானும் நின்றுவிட்டேன்.
அலையாத்திப் பக்கம் ஏதோ ஒரு பறவை.

'இருபத்தாறு' என்றாள்.

என்ன?

'உனக்கு, முனீஸ்.'

சிரித்துவிட்டேன், அல்லது
சிரிப்பாகத் தொடங்கியது அது.
கணக்கு கெட்டுப்போனது.
'சரி, முதல்லேர்ந்து' என்றாள்.
இந்த முறை
சொல்லிவிட்டே எண்ணினாள், வாய்விட்டு,
ஒன்று,
இரண்டு,

கீழே இருட்டில் அப்பா
படகு இஞ்சினின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.
பிடிக்கவில்லை.
இன்னொரு முறை இழுத்தார்.