பேனாவையும் தடவினார்கள்

யார் யார் கை கழுவுகிறார்கள் என்று எண்ணுவது
இந்த மாதம் எனக்கு வேலை.
பரேலில் ஓர் ஆஸ்பத்திரி, ஆண்கள் எலும்பு வார்டு.
வெளியே ஜூலை.
உள்ளே யாருடைய குடையோ சொட்டிக்கொண்டிருக்கிறது.

கழுவ வேண்டிய தருணம் அறுபத்தொன்று.
கழுவியது இருபத்து மூன்று.
பெரிய டாக்டருக்கு ரவுண்ட்ஸில் ஏழு கட்டில், ஒரே ஜோடி கை.
மாத்ரே சிஸ்டர் என் கிளிப்போர்டைக் கண்டால் மட்டும்
குழாய்ப் பக்கம் போகிறார்.
ஒருமுறையும் தவறாதவர் தரை துடைக்கும் விலாஸ்;
விரலிடுக்கெல்லாம் வெள்ளையாகப் பிளந்திருக்கிறது.
அவருக்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஏழாம் கட்டிலில் பாண்டுரங் சால்வி.
இடுப்பெலும்பு முறிந்து வந்தார், அது கூடிவருகிறது.
காய்ச்சல் இங்கே வந்தபின் வந்தது,
சிறுநீர்க் குழாய் வழியே.

லேப்காரர்கள் கட்டில் கம்பியைத் தடவினார்கள்,
திரைச்சீலையை, டிராலியின் பிடியை.
பஞ்சுக்குச்சி ஒன்று மிஞ்சவே
விளையாட்டாக என் பேனாவையும்.

மூன்றாம் நாள் தட்டுகளை வெளிச்சத்தில் காட்டினார் ஃபிர்தௌஸ்.
சால்வியின் தட்டில் ஆறு மருந்து வில்லைகள்.
ஐந்தின் விளிம்புவரை வந்து
ஒட்டி நின்றது கிருமி.
பேனாவின் தட்டிலும் ஆறு.
அதிலும் அதே ஐந்து.

அவரிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து அவருக்கா,
தட்டு அதைச் சொல்வதில்லை.
யோசிக்கும்போது அந்தப் பேனாவை நான் கடிப்பேன்.

அன்று மாலை சால்வி என் கையைப் பிடித்துக்கொண்டார்,
கொஞ்ச நேரம், சும்மா.
விடுவித்துக்கொண்டு பேசினுக்குப் போய்
நுரை பொங்கத் தேய்த்தேன்.
திரும்பினால் அவர் மனைவி சுலோசனா.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
தாராவித் தோல் கிடங்கிலிருந்து வந்த அப்பாவிடம்
"காசை மேசைமேல் வை" என்று கடைக்காரர் சொன்னபோது
அம்மா பார்த்தது.

"நாங்க தொட்டா கழுவத்தானே செய்வீங்க."

நோயாளியைத் தொட்டபின்,
பாடத்தில் இது ஒரு வரி.
என் அரைகுறை மராத்தியில் அதற்கு வார்த்தை இல்லை.
"அழுக்கு என் கைதான், தாயி.
அவருக்கு வந்தது என் பேனாவிலும் இருக்கு."

நம்பினாளா தெரியவில்லை.
முந்தானையை நனைத்து வந்தாள்,
என்னைப் பிடித்திருந்த அவர் கையை
விரல் விரலாகத் துடைத்தாள்.

தருணம் சரி. துணிதான் தவறு.
படிவத்தில் அவளுக்கும் கட்டமில்லை.
எழுதலாமென்றால்
பேனாவும் இப்போது என்னிடம் இல்லை.