மின்சாரம் வந்துவிட்டது

ஏழு வாரம்.
முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
குப்புறக் கிடக்கும் நீளம்தான் நீ.
ஆஸ்பத்திரிச் சீட்டில் தீரி,
எங்கள் வாயில் தில்லை.
இருட்டியதும் முகம் சிவந்து
காலிரண்டையும் வயிற்றுக்கு இழுத்து
ஒரு மூச்சை உள்ளே வாங்குவாயே,
அது வெளியே வருவதற்குள்
எனக்கு வயது ஏறிவிடும்.

பெருங்காயம் உரசித் தொப்புளைச் சுற்றிப் போட்டாயிற்று.
முனைக்கடையில் கூன்யா மடிக்கிற பையனிடம்
சுண்ணாம்பு படாத வெற்றிலை கேட்டு வாங்கி
விளக்கில் வாட்டி, விளக்கெண்ணெய் தடவி
அடிவயிற்றில் வைத்தாயிற்று.
உரம் விழுந்திருக்கிறது என்று
இரண்டாம் மாடி மரகதம் சேலையில் போட்டு உருட்டினாள்.
டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்:
"மூன்று மாதம் ஆனால் தானாக நிற்கும்."
மூன்று மாதம்.
மூன்று நிமிஷம் போலச் சொன்னார் அதை.

நேற்று அஞ்சுகம் சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.
தூக்கம் என்று சொல்லக்கூடாது,
விழுந்த இடம்.
ஒன்பதரை வரை அவள் முறை,
அப்புறம் என் முறை.
ரங்கூன் ஐம்பதாம் தெருவின் இந்த நீள்பெட்டி வீட்டில்
வாசலிலிருந்து சமையல்கட்டுக்கு இருபத்திரண்டு எட்டு,
திரும்பி வருகையில் இருபத்துமூன்று.
ஏன் என்று தெரியவில்லை.
பால்கனியிலிருந்து மணி கட்டிய கயிறு தெருவரைக்கும் தொங்குகிறது,
உன் அழுகை அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனால் தேவலை.
தூக்கிக்கொண்டு நானே இறங்கலாம் என்றால்
ஊரடங்கு.

பத்தே காலுக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.
சரி, வேர்வையும் சேர்ந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.
கீழே ஐஸ் கடை கோ சோ வின்
தன் மீசெட்டை இழுத்துவிட்டான்.

நாலு வருஷமாக அந்த ஜெனரேட்டரைத் திட்டாத நாளில்லை.
புகை நேரே எங்கள் ஜன்னலுக்கு.
காயப்போட்ட கைலியெல்லாம் டீசல் வாடை.
வார்டு ஆபீசில் மனுகூடக் கொடுத்திருக்கிறேன்,
பர்மியத்தில், எழுத்துப் பிழையோடு.

ட்ர்ர்ர் என்று தரை நடுங்கியது.
அந்த நடுக்கம் என் பாதத்தில் புகுந்து
முழங்கால் ஏறி, இடுப்பேறி,
முழங்கை வழியாக உன் வயிற்றுக்குள் போனது.
நீ நிறுத்தினாய்.
பாதி வீறிடலில்,
வாயைத் திறந்தபடியே,
யாரோ கூப்பிட்டதுபோல்.
அப்புறம் ஒரு சின்னக் குசு.
அப்புறம் இன்னொன்று, பெரிய மனுஷத்தனமாய்.
விரல்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன.

நான் அசையவில்லை.
கொசு கழுத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது.
சாப்பிடட்டும்.
அவள் வயிற்றுக்குள்ளும் இப்படித்தான் இரைந்திருக்குமோ உனக்கு,
எந்நேரமும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டு?
காளி கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக்
கண்ணால் மட்டும் கும்பிட்டேன்:
விடியும்வரை கரண்ட் வேண்டாம் தாயே.

பன்னிரண்டு நாற்பதுக்கு
தெருவே ஒரே குரலில் கத்தியது:
மீலாபீ!
விளக்கு வந்துவிட்டது!
எதிர் மாடியில் கை தட்டினார்கள்.
தூங்கியவர்கள் எழுந்து அரிசி களைந்தார்கள்.
கோ சோ வின் மீசெட்டை அணைத்தான்.
அவ்வளவு பெரிய அமைதியை நான் கேட்டதே இல்லை.
உன் புருவம் நெளிந்தது.
கீழுதடு பிதுங்கியது.
அந்த மூச்சு
உள்ளே போக ஆரம்பித்தது.

ஓடிப்போய் அவனிடம் கெஞ்சலாமா?
கரண்ட் இருக்கும்போது யாராவது மீசெட் கேட்பார்களா என்பான்.
டீசல் விற்கிற விலையில்
அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தரையில் மல்லாந்தேன்.
உன்னைக் குப்புற நெஞ்சில் போட்டேன்.
தொண்டையின் அடியிலிருந்து, பல்லைக் கடித்து,
ட்ர்ர்ர்ர்ர்ர்.
முதலில் இருமல் வந்தது.
எண்ணெய் தீர்ந்த வண்டி மாதிரி விக்கி விக்கி நின்றேன்.
பிறகு பிடித்துக்கொண்டது.
மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளம்,
அந்தப் பள்ளத்தில் நீ முனகி, மறுபடி ஏறி,
சட்டையில்லாத என் நெஞ்சில் எச்சில் ஒழுக்கினாய்.

எவ்வளவு நேரமோ.
விளக்கு முகத்துக்கு நேரே எரிந்தது,
மின்விசிறி சுற்றியது.
அஞ்சுகம் கண்ணைத் திறக்காமலே புரண்டு
"கரண்ட் போயிடுச்சா?" என்றாள்.

ட்ர்ர்ர்ர், ஆமா,
ட்ர்ர்ர்ர், நீ தூங்கு.