தேய்மானம் போக

இருப்புப் பதிவேட்டை மேசைமேல் விரித்துவைத்து
ஒவ்வொன்றாகக் கேட்கிறார் எழுத்தர் சற்குணம்.
வலை?
நான்கு. ஒன்று கிழிசல்.
ஆன்டெனா?
ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி
வர்தா புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் போயிற்று.
முழங்கால் உறை?
அதை எண்ணாதீர்கள் சார், மோந்து பாருங்கள்.
அவர் சிரிக்கவில்லை.
மே முப்பத்தொன்று. நாளையிலிருந்து
இந்த அறைச் சாவி என்னுடையதில்லை.

ராயபுரத்துக்கு நான் வந்த புதிதில்
மைதானம் என்றால் கேன்டீனுக்குப் பின்னால் ஒரு மணல்திட்டு.
மதியத்துக்குமேல் கடல்காற்று ஏறும்.
கிழக்கு முனையிலிருந்து போட்ட சர்வீஸ் எல்லாம்
கோட்டைத் தாண்டிக் கேன்டீன் ஓட்டில் விழும்.
அந்தக் காற்றிலேயே பழக்கினேன்;
காற்றில்லாத உள்ளரங்கம்
என் பெண்களுக்கு விளையாட்டாக இருந்தது
என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.
பாதி உண்மை.
மீதி, காலை ஐந்தேகாலுக்கு வரும் பெண்ணுக்கு
ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் வேண்டுமென்று
முதல்வர் அறை வாசலில் நான் நின்ற நாலு வருஷம்.

கோப்பை?
முப்பத்தொன்று.
ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் நகத்தால் தட்டுகிறார்,
வெள்ளியா ஈயமா என்று பார்ப்பதுபோல.
ரயில்வே, ஐ.சி.எஃப்., காவல்துறை, மின்வாரியம் எனப்
பெண்கள் வேலைக்குப் போனதற்குப்
பதிவேட்டில் பத்தி இல்லை.

பந்து?
பதினெட்டு.
பத்தொன்பதுன்னு இருக்கே மேடம்.

தெரியும்.

தொண்ணூற்றேழு டிசம்பர், பெரியமேட்டு உள்ளரங்கம்.
ஐந்தாவது செட். பதினான்குக்குப் பதின்மூன்று.
எதிரணிக் குருவம்மாள் எகிறி அடித்தாள்.
ஜெபராணி பிளாக்குக்குப் போனாள்.
பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.
நடுவரின் கை எங்கள் பக்கம் நீண்டது.
முதல் பல்கலைக்கழகக் கோப்பை.
ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கிடந்தார்கள்.
ஜெபராணி மட்டும் வலையோரம் நின்றாள்.
காலையில் அவள் சுண்டுவிரலில் நான் சுற்றிய பிளாஸ்திரி
பிரிந்து தொங்கியது.
கை தூக்கவா என்று
கண்ணாலேயே கேட்டாள்.

நான் குனிந்து ஷூ லேஸ் கட்டினேன்.
நன்றாகக் கட்டியிருந்த லேஸ்.
அவிழ்த்துக் கட்டினேன்.

குருவம்மாள் நடுவர் நின்ற ஏணியைப் பிடித்துக்கொண்டு
தன் சுண்டுவிரலை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.
அவர் மறுபக்கமாக இறங்கிப் போனார்.
அந்த வருஷம் ரயில்வே மூன்று பேரை எடுத்தது,
மூவரும் ஜெயித்த அணி.
குருவம்மாளை அப்புறம் எந்த ஆட்டத்திலும் பார்க்கவில்லை.
கோவில்பட்டிப் பக்கம் கல்யாணம் என்றார்கள்,
தீப்பெட்டி ஆபீஸ் என்றார்கள்.
நான் விசாரிக்கவில்லை.

மற்ற முப்பதும் நேராக வென்றவை.
யாரும் கேட்காமலே சொல்கிறேன், பாருங்கள்.

ஜெயித்தவர்களுக்கே கொடுத்துவிட்ட பந்து அது.
பதிவேட்டில் ஏறியது, அறைக்கு வரவில்லை.
இத்தனை ஆடிட்டிலும் ஒருவரும் எண்ணாத பத்தொன்பதாவது,
பெரம்பூரில் என் வீட்டுப் பரணில், காற்றிறங்கி,
பழைய இட்லிப் பானைக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

தொலைந்துபோனது என்று எழுதுங்கள் சார்.

சற்குணம் கால்குலேட்டரைத் தட்டுகிறார்.
மதிப்பு அறுநூற்று நாற்பது.
வருஷத்துக்குப் பத்து சதவீதம்.
"தேய்மானம் போக பூஜ்யம் மேடம்.
நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்.
இங்க ஒரு கையெழுத்து."

போடுகிறேன். பை அதிர்கிறது.
ஜெபராணி. எழும்பூரில் டிக்கெட் பரிசோதகர்.
எல்லாம் பேசுவோம் நாங்கள்,
மாமியாரின் சர்க்கரை, டூட்டி மாற்றம், மகளின் கணக்குப் பாடம்.
இருபத்தேழு வருஷத்தில்
அதை மட்டும் பேசியதில்லை.

மிஸ், அஞ்சு மணிக்கு வழியனுப்ப வந்துடறேன்.
பொண்ணு விளையாட ஆரம்பிச்சிருக்கா.
பந்து ஒண்ணு இருந்தா எடுத்து வைங்க,
பழசுன்னாலும் பரவாயில்லை.

மணி மூன்றேகால்.
வெளியே காற்று ஏறிவிட்டது.
இன்னும் பதில் போடவில்லை.